தொட்டியடியில் ஒரு பாடு

போன மாதம் எங்கள் கல்லூரித் தமிழ்த்துறையிலிருந்து பழவேற்காட்டுக்கு ஒரு நாள் பயணம் போனோம். நான் பிறந்த குப்பம் அங்கிருந்து படகில் எட்டிவிடும் தூரம்தான் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு வார்த்தை பேசு என்று என்னை முன்னால் நிறுத்தியிருப்பார்கள். ஒரு பாடலுக்கு உரை எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். பத்துப் பேர் எதிரே வாயைத் திறக்கச் சொன்னால் எனக்கு என் ஊர்ப்பெயரே மறந்துபோகும். ஆகவே குடையை விரித்துக்கொண்டு, வெளியூர்க்காரியைப்போல், எல்லாருக்கும் கடைசியில் நடந்தேன்.

டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கும். உள்ளே கரிய பலகைக் கற்கள், அவற்றில் நமக்குப் புரியாத மொழியில் நிறைய எழுத்துகள். வெயிலில் அந்த எழுத்து கண்ணுக்குத் தெரியாது. எங்களை அழைத்துப் போன வழிகாட்டி அதற்கு ஒரு உபாயம் வைத்திருந்தார். கையிலிருந்த தண்ணீர்க் கேனைச் சாய்த்து ஒரு கல்லின்மேல் தலையிலிருந்து கால்வரை ஊற்றினார். கல் கறுத்தது, எழுத்துகள் வெளுத்து எழுந்தன; யாரோ ஒரு டச்சுக்காரியின் பெயர் என்றார். எல்லாரும் ஆச்சரியப்பட்டுக் கைப்பேசியை உயர்த்தினார்கள்.

"ஒரு காலத்துல இது பெரிய சிட்டி மேடம்," என்றார் அவர். "கப்பலு, கோட்டை, மார்க்கெட்டு, எல்லாம் இருந்துச்சு. இப்போ பாருங்க, மீன்காரங்க ஊராப் போச்சு."

"ச்சே, எப்படி இருந்த ஊர்!" என்று என் வகுப்புத்தோழி உச்சுக்கொட்டினாள்.

அந்த மார்க்கெட்டில் மனிதர்களையும் விற்றுக் கப்பலேற்றினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், கோபம் முதலில் வந்தது அதற்காக அல்ல, அந்தத் தண்ணீருக்காக. கேனை அவர் எங்கே நிரப்பினார் என்று நான் பார்த்திருந்தேன். வெளியே தெருக்குழாயில் பெண்கள் குடம் வைத்து வரிசையில் நின்றார்கள். உப்பு ஏரிக்கரை ஊரில் நல்ல தண்ணீர் என்பது எப்போதும் எங்கிருந்தோ வரவேண்டிய ஒன்று. "வெளியூர்லேருந்து வந்திருக்காங்க, சட்டுனு வுடும்மா," என்று சொல்லி ஒருத்தியின் குடத்தைக் காலால் நகர்த்திவிட்டுக் கேனை வைத்தார். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள். நான் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஈரக் கல்லின் வாசனை ஒரு விசித்திரம். அந்தப் புழுக்கமான, சுண்ணாம்பு கலந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் பழவேற்காட்டில் இல்லை. வடசென்னையில், லாரி வந்துபோன பிறகு நனைந்து கிடக்கும் ஒரு சந்தில் இருந்தேன். பெரிய நகரம் என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்கு அந்தச் சந்துதான் நினைவுக்கு வரும்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் நாங்கள் அங்கே குடிபோனோம். ஏரியில் சேறு ஏறி மீன் குறைந்துபோய், நைனாவுக்குக் காசிமேட்டு மீன்துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை கிடைத்திருந்தது. நகரத்தைப் பற்றி நான் கற்பனை செய்து வைத்திருந்தவை ஏராளம். மாடிப் பேருந்தில் ஏறிப் பள்ளிக்கூடம் போவேன் என்றுகூட நினைத்திருந்தேன். கிடைத்தது ஒற்றை அறை, எதிர்வீட்டுச் சுவரைக் கைநீட்டித் தொடக்கூடிய ஒரு ஜன்னல், தெருக்கோடியில் ஒரு கறுப்புத் தண்ணீர்த்தொட்டி. லாரி வந்து அந்தத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். அதன்பின் அங்கே நடப்பதைத்தான் நகரம் என்று நான் முதலில் அறிந்தேன்.

லாரியின் சத்தம் கேட்டதும் கதவுகள் அறைந்து திறக்கும். குடங்கள் பறக்கும். முந்தானை கிழியும். பிடித்தவள் பிடிப்பாள், கைக்குழந்தைக்காரி, கிழவி, காய்ச்சல்காரி எல்லாரும் வெறுங்குடத்தோடு திரும்புவார்கள். பக்கத்துவீட்டுக்காரி யார் என்று தெரியாமலே அவளுடைய முழங்கையின் கூர்மை மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் வாரம் முழுவதும் அம்மா பாதிக் குடத்தோடுதான் வந்தாள். ஒருநாள் உதட்டில் ரத்தத்தோடு வந்தாள்.

"இன்னா ஊருடி இது," என்றாள் என்னிடம். "பாடு வச்சிக்கத் தெரியாத ஜனங்க."

பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல் படாது. முகத்துவாரத்தை ஒட்டிய இடம் நல்லது. உள்ளே போகப்போகச் சுமார். நல்ல இடத்தை வலுத்தவன் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. இன்று நல்ல இடம் கிடைத்தவன் நாளை நகரவேண்டும். இதில் முக்கியமானது ஒன்று உண்டு. பாடு வந்தவன் காய்ச்சலில் கிடந்தாலும், சாவு வீட்டுக்குப் போயிருந்தாலும், அவன் இடத்தில் இன்னொருவன் வலை இறக்கமாட்டான். அந்தத் தண்ணீர் அன்றைக்குச் சும்மா கிடக்கும். மீன் துள்ளினாலும் சும்மா கிடக்கும்.

உடனே எங்கள் ஊரைத் தூக்கிப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பாடு ஆண்களுக்கு மட்டும். கோயிலடியில் சீட்டுக் குலுக்கும்போது பெண்கள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. புருஷனைக் கடலில் கொடுத்தவளுக்கு வளர்ந்த மகன் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு ஏரியே இல்லை. அவள் அடுத்தவர் மீனைக் கூடையில் வாங்கிப் பொன்னேரிக்கும் அனுப்பம்பட்டுக்கும் சுமந்துபோய் விற்கலாம். தண்ணீரில் அவளுக்கு ஓர் அடிகூடக் கிடையாது. அம்மா கோயிலுக்குப் பின்புறம் மீன் ஆய்ந்துகொண்டே அத்தனை சட்டத்தையும் காதால் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். ஒருநாளும் அவளுக்குப் பயன்படாத சட்டம் அது.

அந்தச் சட்டத்தை அவள் சென்னையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியடியில் எடுத்து வெளியே போட்டாள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மூட்டையில் மட்டிச் சிப்பிகள் கொஞ்சம் கிடந்தன. வீட்டுக்கு ஒரு சிப்பி என்று ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் என் நகச்சாயத்தால் ஓர் அடையாளம் போட்டாள். பூ, மீன், குத்துவிளக்கு, கோடு. (அந்த நகச்சாயம் நான் அழுது வாங்கியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.) அவற்றை ஒரு சொம்பில் போட்டுக்கொண்டு, லாரி வருவதற்கு முன்பே தொட்டியடியில் போய் உட்கார்ந்தாள்.

முதலில் சிரித்தவள் ஜெயா அக்கா. தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருந்தவள். அவளுடைய குரலுக்கு ஆட்டோக்கள் ஒதுங்கும்.

"இன்னா மீன்காரம்மா, சொம்பைக் குலுக்கிக்கினு? கிளி எங்க, ஜோசியத்துக்கு?"

"கிளி வேணாம். நீயே எடு," என்றாள் அம்மா. "முதல்ல யாரு சிப்பி வருதோ அவுங்களுக்கு முதல் பாடு. பாடுக்கு நாலு குடம். நாளைக்கு அவுங்க கடைசி."

"நாலு குடம் புடிச்சா என் இட்லி எப்டி வேவும்?"

"நேத்து எத்தினி புடிச்ச?"

நேற்று ஜெயா அக்கா பிடித்தது மூன்று; நாலாவது குடம் சண்டையில் உடைந்தது. சொம்புக்குள் விரலை விட்டுச் சிப்பிகளைக் கிளறி, "குத்துவிளக்கு என்னுது. வேற எவளாவது கேட்டா கையை ஒடிப்பேன்," என்றாள்.

நைனாவுக்கு விஷயம் தெரிந்ததும் ஐஸ் ஈரம் காயாத லுங்கியோடு உட்கார்ந்து சிரி சிரியென்று சிரித்தார். "பொம்பளைங்க பாடு வக்கிறீங்களா? ஊர்ல கேட்டா என்னைத் தள்ளி வச்சிருவாங்க."

"ஊர்ல வக்க வுட்டீங்களா?" என்றாள் அம்மா. நைனா சிரிப்பை நிறுத்திவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

பாடு நின்றது. சண்டை அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். நாலாவது குடத்தின் கழுத்துவரையா விளிம்புவரையா என்ற வழக்கு கடைசிவரை தீரவேயில்லை. ஆனால் உதட்டில் ரத்தம் வருவது நின்றது. கைக்குழந்தைக்காரி குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு நிதானமாக வந்தாள்.

அந்த ஆண்டு மழை தவறி லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரத் தொடங்கிய காலத்தில் ஜெயா அக்காவின் புருஷன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். அவளும் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடந்தது. அவளுடைய பாடு வந்தபோது அம்மா குழாயை மூடினாள். குத்துவிளக்குச் சிப்பியைத் தொட்டியின்மேல் வைத்தாள். பிறகு, நாலு குடம் தொட்டியிலேயே நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

"அவ குடத்தை நாம புடிச்சி வைக்கலாமே," என்று யாரோ சொன்னார்கள்.

"அவ பாட்டுல நீ கை வைக்கக் கூடாது. அது அங்கியே கெடக்கும்."

பித்துப் பிடித்த காரியம்தான். ஏரியில் விட்ட மீன் ஏரியிலேயே இருக்கும். பட்டணத்தில் திறந்த தெருவில் தண்ணீரை விட்டுவைப்பதா? எங்கள் ஊர்க்காரியைத் தவிர வேறு யாரும் அப்படி ஒரு தப்பைச் செய்யமாட்டார்கள். ஆனால் அன்று தெரு அந்தச் சிப்பியைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது, ஒருவரும் குழாயைத் தொடவில்லை. மறுநாள் உச்சிவெயிலில் ஜெயா அக்கா முகமெல்லாம் வீங்கி வந்து சேர்ந்தாள். நம்பிக்கையில்லாமல்தான் குழாயைத் திருகினாள். தண்ணீர் வந்தது. வெயிலில் கொதித்துப்போன தண்ணீர். அவள் அதைப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் கைமேல் ஓடவிட்டு நின்றாள். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, "யக்கோவ், வெந்நியே போட்டு வச்சிருக்க!" என்று கத்தினாள். அப்படிக் கத்தும்போதே அழுதாள்.

அதன்பிறகு ஊருக்குப் போகிறவர்கள் சிப்பியைத் தொட்டிமேல் வைத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

இனி நான் சொல்லப்போவதை நிதானமாகச் சொல்லமுடியுமா என்று தெரியவில்லை. முயல்கிறேன்.

தொட்டிக்கு எதிரே ஒரு மரக்கிடங்கு இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியிருந்தது. அவர்களுக்கு ஆழ்துளைக் கிணறு உண்டு. விலைக்கு வாங்கும் தனி லாரியும் வரும். அவர்களுடைய மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் தொட்டி நன்றாகத் தெரியும். பெண்கள் வந்து பிடித்துக்கொண்டு போனபிறகும் அதில் தண்ணீர் நிற்பது தெரியும். ஏன் நிற்கிறது என்பது மட்டும் எந்த மாடியிலிருந்து பார்த்தாலும் தெரியாது.

ஊரில் பெரியப்பா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மூவரும் புறப்பட்டோம். அம்மா எங்கள் மீன் சிப்பியைத் தொட்டிமேல் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் அடக்கம் முடிந்து ரயிலேறி, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெருவில் நுழைந்தோம். சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் தலைமுழுகாமல் வாசற்படி ஏறக்கூடாது. அதில் அம்மாவுக்குக் கவலை இல்லை. "நம்ம பாடு கெடக்குது, போனதும் குளிச்சிரலாம்," என்று ரயிலிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

தொட்டியின் குழாயில் ஒரு பச்சை ரப்பர்க் குழாய் செருகியிருந்தது. அது தெருவைக் கடந்து அடுக்குமாடிக் கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே மோட்டார் ஓடும் சத்தம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மோட்டார் காற்றை உறிஞ்சி இரைந்தது. தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிப்பி தரையில் கிடந்தது.

ஜெயா அக்கா அதற்குள் கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து அந்தக் குடியிருப்பின் செக்ரட்டரி அம்மாள் வந்தார். கெட்டவர் இல்லை என்று இப்போதும் சொல்வேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. மென்மையான குரல், வெள்ளைச் சேலை.

"ஏம்மா கத்தறீங்க? நீங்கள்லாம் புடிச்சு முடிச்சப்புறம்தானே எடுத்தோம். மிச்சம் இருந்துது. செடிக்காவது ஆகட்டுமேன்னு."

"மிச்சமா?" என்றாள் ஜெயா அக்கா. "மேடம், உங்க காரு தெருவுல ராவும் பகலும் சும்மாதான் நிக்குது. மிச்சம்னு நா எடுத்து ஓட்டிக்கினு போவவா?"

"மரியாதையாப் பேசு. யாரோட தண்ணின்னு அதுல எழுதியா இருக்கு?"

எழுதித்தான் இருந்தது. என் நகச்சாயத்தால் எழுதியிருந்தது. அம்மா குனிந்து சிப்பியை எடுத்தாள். தீட்டுக்காரி என்பதால் கேட்டுக்குத் தள்ளியே நின்றுகொண்டு, தலைவிரிகோலமாக, கத்தாமல் பேசினாள்.

"அது மிச்சம் இல்லம்மா. எங்க பாடு."

"நீங்கதான் ஊர்லயே இல்லியே."

"ஆளு இல்லாதப்பவும் இருந்தாத்தான் அது பாடு. ஆளு நின்னு புடிக்கிறதுக்கு எதுக்கும்மா சட்டம்? அதுக்கு முழங்கை போதும்."

செக்ரட்டரி அம்மாளுக்கு அது புரியவில்லை. புரியாததை அவர் பெருந்தன்மையால் ஈடுகட்டினார். "பாவம், சாவு வீட்டுலேருந்து வந்திருக்கீங்க போல. வாங்க, கேட்டுக்கிட்ட குழாய் இருக்கு, எங்க தண்ணிலயே ஒரு பக்கெட் புடிச்சுக்குங்க," என்றார்.

எங்கள் தண்ணீரை எடுத்துத் தம் தொட்டியில் கலந்துவிட்டு, அதிலிருந்து ஒரு வாளியை எங்களுக்குத் தானம் செய்ய முன்வந்தார். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை பிரித்துப் பார்த்துவிட்டேன். "எங்க தண்ணி" என்ற அந்த இரண்டு சொல்லை எந்த இலக்கணத்தாலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மா அந்தக் கேட்டுப் பக்கம் போகவில்லை. ஜெயா அக்கா தன் வீட்டிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்தாள். கைக்குழந்தைக்காரி ஒரு வாளி. ஒவ்வொரு கதவாகத் திறந்து, குடிக்க வைத்திருந்ததில் ஆளுக்குக் கொஞ்சம் வந்தது. நடுத்தெருவில், பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, நானும் அம்மாவும் குளித்தோம். நைனா தலையில் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டார். அன்றைக்கு நான் நெகிழ்ந்துபோனேன். எவ்வளவு நல்லவர்கள் என்று சொல்லிக்கொண்டே தலை துவட்டினேன்.

அம்மா சிப்பியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க குடுத்தது தண்ணி," என்றாள். "போனது அது இல்லடி."

அடுத்த மாதத்துக்குள் தொட்டி போய்விட்டது. கேட்டெதிரே கூட்டமும் கூச்சலுமாக இருக்கிறது என்று மனுப் போனதாகச் சொன்னார்கள். பொதுமக்கள் வசதிக்காக அதைப் பெரிய சாலை முனைக்கு மாற்றினார்கள். பொதுமக்கள் என்பதில் நாங்கள் சேர்த்தியா என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. அங்கே பல தெருக்காரர்கள் வந்தார்கள்; அம்மா சொம்பைக் குலுக்கினால் சிரிப்பதற்குக்கூட யாருக்கும் நேரமில்லை. முழங்கைகள் திரும்ப வந்தன. சில ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. யாருடைய மோட்டார் பெரிதோ அவருக்குத் தண்ணீர் என்று ஆனது. இப்போது நாங்கள் இருக்கும் வீட்டிலும் ஒரு மோட்டார் உண்டு. அம்மா அதன் சுவிட்சைப் போடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஊற்றிய நீர் காய, டச்சுக்காரியின் பெயர் ஓரத்திலிருந்து மறையத் தொடங்கியது. சிலர் இன்னும் படமெடுத்து முடிக்கவில்லை.

"கேன்ல மிச்சம் இருக்கு மேடம், இன்னொரு வாட்டி ஊத்தட்டுமா?" என்று வழிகாட்டி என்னைத்தான் கேட்டார்.

"அது மிச்சம் இல்லீங்க," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கேனை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தேன். காலால் குடம் நகர்த்தப்பட்ட அந்தப் பெண் இன்னும் வரிசையில்தான் இருந்தாள். மீதித் தண்ணீரை அவள் குடத்தில் சாய்த்தேன். அடியை நனைக்கக்கூடப் போதவில்லை. அவள் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா? எம் முறை போனது போச்சு," என்றாள்.

எந்தப் பட்டணம் அழிந்தது என்று என் தோழி உச்சுக்கொட்டினாளோ, அதற்காக எனக்குக் கண்ணீர் இல்லை. எங்கள் குப்பத்து ஏரிக்காகவும் நான் ஏங்கவில்லை; அங்கே பாடு இன்னும் இருக்கிறது, இன்னும் ஆண்களுக்கு மட்டும் இருக்கிறது. பெண்களுக்கென்று, ஆள் இல்லாதபோதும் காத்துக்கிடந்த ஒரு பாடு நான் அறிந்தவரை ஒரே ஓரிடத்தில்தான் இருந்தது. அது அந்தப் பெரிய நகரத்தின் ஒரு சந்தில், கறுப்புத் தொட்டியின்மேல், ஒரு சிப்பியளவு இடத்தில் இருந்தது. அந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன.